எல்லோரும் பாஸ்... பாடம்தான் பாக்கி!

கொரோனா காலத்தில் கல்லூரி ‘முடித்த’ தலைமுறை இன்று எங்கே நிற்கிறது?

2021 நவம்பர். மதுரை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் சாலை திணறிக் கொண்டிருந்தது. தோளில் பை, தாடைக்கு இறங்கிய மாஸ்க், கையில் செல்போன் என்று மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டே இருந்தார்கள். ஒரே கல்லூரி அல்ல. கலைக் கல்லூரி, பொறியியல், பாலிடெக்னிக் என எல்லாமும் கலந்த கூட்டம். போலீஸ் கலைந்துபோகச் சொல்கிறது. யாரும் நகர்வதாக இல்லை. அவர்கள் கேட்டது இதுதான்: பாடத்தை ஆன்லைனில் நடத்தினீர்கள், தேர்வையும் ஆன்லைனிலேயே நடத்துங்கள். அன்று நூற்றுக்கணக்கான மாணவர்கள்மீது வழக்கு பதிவானது. அடுத்தடுத்த நாட்களில் வேறு ஊர்களிலும் இதே கோரிக்கை எழுந்தது.

ஊர் சிரித்தது. “பார்த்து எழுதிப் பழகிட்டானுங்க, இப்ப உட்கார்ந்து எழுதச் சொன்னா கசக்குது” என்று டீக்கடையில் பேசினார்கள். மீம்ஸ் பறந்தன. பரீட்சைக்குப் பயந்து ரோட்டுக்கு வந்த முதல் தலைமுறை என்று கேலி பேசாதவர்கள் குறைவு.

அந்தக் கோரிக்கையின் முதல் பாதியை யாரும் காதில் வாங்கவில்லை. ஒன்றரை ஆண்டு நடந்த வகுப்பை நம்பி ஒரு மூன்று மணி நேரத் தேர்வு எழுத முடியாது என்று அந்த மாணவர்களே ஒப்புக்கொண்டு தெருவுக்கு வந்திருந்தார்கள். தேர்வை ஆன்லைனில் வைக்கச் சொன்னது குறுக்கு வழிதான், சந்தேகமில்லை. ஆனால், பாடம் நடக்கவில்லை என்று அவர்கள் சொன்னது உண்மை. அந்த இரண்டு ஆண்டுகளில் தமிழக உயர்கல்வியைப் பற்றி வெளிவந்த அரசாணைகள், சுற்றறிக்கைகள், நீதிமன்றத் தீர்ப்புகள், போராட்டங்கள் எதை எடுத்துப் பார்த்தாலும், கிட்டத்தட்ட எல்லாமே தேர்வைப் பற்றியவை. வகுப்பில் என்ன நடந்தது என்று கேட்டவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரே நாளில் மூடிய கதவு

2020 மார்ச் 17-ம் தேதி தமிழகக் கல்லூரிகள் மூடப்பட்டன. மார்ச் 31 வரை என்றுதான் அறிவிப்பு. விடுதி மாணவர்கள் இரண்டு செட் உடையை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். புத்தகமும் ரெக்கார்டு நோட்டும் அறையிலேயே கிடந்தன. 25-ம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு. அந்த ஜூன் மாதம் சென்னை மாநகராட்சி கொரோனா நோயாளிகளுக்காக அண்ணா பல்கலைக்கழக விடுதிகளைக் கேட்டு, இழுபறிக்குப் பிறகு பெற்றது. அறைக்குள் விட்டுவந்த புத்தகங்கள் என்ன ஆயின என்று மாணவர்கள் தவித்தது தனிக்கதை.

ஏப்ரலில் ‘ஜூம்’ வந்தது. அந்தச் செயலி பாதுகாப்பானதல்ல என்று மத்திய உள்துறை அமைச்சகம் அதே மாதம் எச்சரித்ததும், பலர் ‘கூகுள் மீட்’டுக்குத் தாவினார்கள். அரசுக் கலைக் கல்லூரிகளில் பெரும்பாலும் வாட்ஸ்அப்தான் கல்லூரி ஆனது. ஒரு பி.டி.எஃப், ஒரு வாய்ஸ் நோட், கீழே நாற்பது பேர் போட்ட கைகூப்பும் எமோஜி. அன்றைய வகுப்பு அத்துடன் முடிந்தது.

இந்தியாவில் வேறு பெரிய மாநிலம் எதற்கும் இல்லாத சுமை ஒன்று தமிழகத்துக்கு இருந்தது. கல்லூரி செல்லும் வயதில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் இங்கே கல்லூரியில் சேர்ந்திருந்தார்கள். அதாவது, நாட்டின் பிற பகுதிகளில் கல்லூரி வாசலையே பார்த்திராத வீடுகளின் பிள்ளைகள் இங்கே கல்லூரிக்குள் இருந்தார்கள். நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ‘முதல் பட்டதாரி’கள். ஆன்லைன் வகுப்பு முதலில் கைவிட்டதும் இவர்களைத்தான்.

────────────
எண்கள் சொல்வது

▪ உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம், 2019-20: தமிழ்நாடு 51.4%, இந்தியா 27.1%

▪ இந்தியாவில் கணினி உள்ள வீடுகள் (தேசிய மாதிரி ஆய்வு, 2017-18): கிராமம் 4.4%, நகரம் 23.4%

▪ இணைய வசதி உள்ள வீடுகள் (அதே ஆய்வு): கிராமம் 14.9%, நகரம் 42%

▪ தமிழக அரசு 2021 ஜனவரியில் இலவச டேட்டா கார்டு அறிவித்தது 9.69 லட்சம் மாணவர்களுக்கு. நாளொன்றுக்கு 2 ஜிபி, ஏப்ரல் வரை.
────────────

வீட்டுக்கு ஒரு போன்

வகுப்பு காலை 9.30 மணிக்கு. வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் அப்பாவுடையது. அவர் ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவார். அவர் ஊரடங்கால் வேலையிழந்து வீட்டில் இருந்தால் போன் கிடைக்கும், ஆனால் ரீசார்ஜ் செய்யப் பணம் இருக்காது. இரண்டும் இருந்தாலும் பத்தாவது படிக்கும் தம்பிக்கும் அதே நேரத்தில் வகுப்பு. போனைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போன அக்காக்கள் எத்தனை பேர் என்று எந்த வருகைப் பதிவேடும் சொல்லாது.

ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை போன்ற இடங்களில் சிக்கல் இன்னும் அடிப்படையானது. சிக்னல் வேண்டுமென்றால் ஊரைவிட்டு வெளியே மேட்டுக்குப் போக வேண்டும். பாறை, மரக்கிளை, தண்ணீர்த் தொட்டியின் ஏணிப்படி என்று டவர் கிடைக்கும் இடத்தில் உட்கார்ந்து படித்த பிள்ளைகளின் படங்கள் அந்த ஆண்டு தொடர்ந்து பத்திரிகைகளில் வந்தன. ‘படிப்பு ஆர்வம்’ என்று அவற்றுக்குத் தலைப்பு வைத்தோம். பத்திரிகைக்காரர்கள் நாங்களும் அதில் சேர்த்திதான்.

மடிக்கணினி கொடுத்த மாநிலமாயிற்றே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2011 முதல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் டூ மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தோம். நாட்டில் வேறெங்கும் இந்த அளவுக்குக் கொடுக்கவில்லை. அந்தத் திட்டம் இல்லாதிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். ஆனால், தாமதமாக வந்த கருவிகள், பேட்டரி செத்துப்போன கருவிகள், அவசரத்துக்கு விற்கப்பட்ட கருவிகள் போக எஞ்சியவைதான் 2020-ல் வேலை செய்தன.

இலவச டேட்டா கார்டின் கதை இன்னும் வேடிக்கையானது. கல்லூரி மூடி பத்து மாதம் கழித்து, 2021 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. பிப்ரவரி 8-ம் தேதி எல்லா ஆண்டு மாணவர்களுக்கும் கல்லூரி திறந்தாயிற்று. மார்ச் கடைசியில் இரண்டாம் அலைக்காக மறுபடி மூடினார்கள். ஏப்ரலோடு கார்டின் காலம் முடிந்தது. செப்டம்பர் 1-ம் தேதி கல்லூரி மீண்டும் திறக்கும்வரை எல்லோரும் வீட்டில்தான். கார்டு கைக்கு வந்தபோது வகுப்பு கட்டடத்துக்குத் திரும்பிவிட்டது. வகுப்பு வீட்டுக்கு வந்த அடுத்த மாதமே கார்டு காலாவதி. டேட்டா கொடுத்தது தவறென்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால், போன் இல்லாத வீட்டுக்கும் டவர் இல்லாத ஊருக்கும் 2 ஜிபி என்ன செய்யும்?

“கேக்குதாப்பா?”

ஆசிரியர்கள் பக்கம் வருவோம். கரும்பலகை முன் முப்பது ஆண்டு நின்றவர்கள், ஸ்டூலின்மேல் இரண்டு புத்தகங்களுக்கு நடுவில் செருகிய செல்போனைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள். திரையில் அறுபது கறுப்புக் கட்டங்கள். “கேக்குதாப்பா?” என்று கேட்டால் பத்து விநாடி கழித்து யாரோ ஒருவர் ‘எஸ் சார்’ என்று டைப் செய்வார். மீதி ஐம்பத்தொன்பது பேர் இருக்கிறார்களா, தூங்குகிறார்களா, திருப்பூரில் பனியன் கம்பெனியில் நிற்கிறார்களா, யாருக்குத் தெரியும்?

திருப்பூரை உதாரணத்துக்காகச் சொல்லவில்லை. போனில் வகுப்பு ஓடிக்கொண்டிருக்க, அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வேலை பார்த்த மாணவர்கள் ஏராளம். உணவு டெலிவரி, செங்கல் சூளை, கட்டட வேலை, மளிகைக் கடை. வீட்டில் வருமானம் நின்றுபோன நேரத்தில் இருபது வயதுப் பையன் கொண்டுவரும் நானூறு ரூபாய் பெரிய தொகை. அப்படிப் போனவர்களில் ஒரு பகுதியினர் கல்லூரி திறந்த பிறகும் திரும்பவில்லை. பெண்களுக்கு வேலைக்குப் பதில் வரன் வந்தது. ஊரடங்குக் கல்யாணத்தில் செலவு குறைவு என்று பெற்றோர் போட்ட கணக்கில் எத்தனை டிகிரிகள் பாதியில் நின்றன என்று கல்லூரி முதல்வர்களைக் கேட்டால் பெருமூச்சுதான் பதில்.

தனியார் கல்லூரி ஆசிரியர்களின் நிலைமையை எழுதினால் தனி இதழே போட வேண்டியிருக்கும். பாதிச் சம்பளம், சில இடங்களில் அதுவும் இல்லை. வகுப்பு எடுத்ததற்கு அத்தாட்சியாக தினமும் ஸ்கிரீன்ஷாட் அனுப்ப வேண்டும். நிர்வாகத்தின் ஐ.டி ஒன்று சத்தமில்லாமல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும். இதற்கிடையே அடுத்த ஆண்டுக்கு மாணவர் சேர்த்துவிடும் ‘அட்மிஷன் டார்கெட்’ வேறு. வேலையிழந்த உதவிப் பேராசிரியர்கள் நூறுநாள் வேலைக்குப் போனதும், காய்கறி விற்றதும் அந்த ஆண்டின் செய்திகள். அரசுக் கல்லூரிகளைத் தாங்கிப் பிடித்திருக்கும் கௌரவ விரிவுரையாளர்களுக்கு அப்போது மாதச் சம்பளம் 20,000 ரூபாயைத் தாண்டவில்லை. மே மாதம் அதுவும் கிடையாது. நெட் கட்டணமும் புதுப் போனும் அவர்கள் கைக்காசு.

இதற்குள்ளும் சில நல்லது நடந்தது. தமிழ் வழியில் படித்துவிட்டுப் பொறியியலுக்கு வந்த மாணவர், வகுப்பில் கை தூக்கக் கூச்சப்பட்டவர், பதிவு செய்த பாடத்தை நிறுத்தி நிறுத்தி நான்கு முறை கேட்க முடிந்தது. கணிதத்தையும் மின்னியலையும் தமிழில் நடத்தும் யூடியூப் சேனல்கள் பெருகின. ஆசிரியர்கள் பலர் தாங்களே ஆரம்பித்தார்கள். இன்றைய மாணவர்கள் தேர்வுக்கு முந்தைய இரவு அவற்றைத்தான் பார்க்கிறார்கள்.

டிராஃப்டர் இல்லாத டிராயிங்

பொறியியல் முதலாண்டில் ‘எஞ்சினியரிங் கிராஃபிக்ஸ்’ என்று ஒரு தாள் உண்டு. நல்ல நாளிலேயே பாதி வகுப்புக்கு அரியர் விழும் தாள் அது. பெரிய டிராயிங் ஷீட், டிராஃப்டர், பென்சில். மாணவரின் தோளுக்குப் பின்னால் ஆசிரியர் நின்று கோட்டைத் திருத்தித் திருத்தித்தான் கற்றுக்கொடுக்க முடியும். 2020 நவம்பரில் கல்லூரியில் சேர்ந்த மாணவர்கள் இதை ஐந்தரை அங்குலத் திரையில் கற்றார்கள். ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டிங், வெல்டிங், தச்சு எல்லாம் வீடியோவாகப் பார்த்தார்கள். வேதியியல் மாணவர்களுக்கு டைட்ரேஷன் செய்யும்போது நிறம் மாறும் அந்த ஒரு சொட்டு, யாரோ செய்து யாரோ படம்பிடித்தது. கணினியிலேயே சோதனை செய்து பார்க்கும் ‘விர்ச்சுவல் லேப்’ என்ற மத்திய அரசின் தளம் பல ஆண்டுகளாக இருக்கிறது, தரமாகவும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தக் கணினி வேண்டும். பேச்சு மறுபடி பழைய இடத்துக்கே வருகிறது.

கல்லூரி திறந்ததும் ஆய்வகப் பாடங்களை ஈடுகட்டியிருக்கலாமே? சில கல்லூரிகள் செய்தன. ஒரே வாரத்தில் பத்துச் சோதனைகளை ஓட்டி ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிய கல்லூரிகளும் உண்டு. எது எங்கே நடந்தது என்பதற்கு எந்தக் கணக்கும் எடுக்கப்படவில்லை.

எல்லாம் தேர்வுமயம்

வகுப்பறையில் இவ்வளவு நடந்துகொண்டிருக்க, அரசும் நீதிமன்றமும் எதில் மும்முரமாக இருந்தன என்பதைப் பக்கத்துப் பெட்டியில் பாருங்கள்.

────────────
தேதிவாரியாகத் தேர்வுக் கூத்து

2020 ஜூலை 6: இறுதியாண்டுத் தேர்வை செப்டம்பருக்குள் கட்டாயம் நடத்த பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி) உத்தரவு.

2020 ஜூலை 23: இறுதியாண்டு தவிர மற்றவர்களுக்கு செமஸ்டர் தேர்வு ரத்து என முதல்வர் பழனிசாமி அறிவிப்பு.

2020 ஆகஸ்ட் 26: கட்டணம் கட்டியிருந்தால் அரியர் தேர்வுகளிலும் தேர்ச்சி.

2020 ஆகஸ்ட் 28: இறுதித் தேர்வு இல்லாமல் பட்டம் இல்லை என உச்ச நீதிமன்றம் தீர்ப்பு.

2021 மே: அண்ணா பல்கலைக்கழக ஆன்லைன் தேர்வில் குளறுபடி, மறுதேர்வு என அமைச்சர் பொன்முடி அறிவிப்பு.

2021 நவம்பர்: மாணவர் போராட்டம், தேர்வு நேரடியாகத்தான், ஆனால் ஜனவரி 20-க்குப் பிறகு என முடிவு.

2022 ஜனவரி: ஒமைக்ரான் அலை. பிப்ரவரித் தேர்வு ஆன்லைனில்!
────────────

கட்டணம் கட்டினால் அரியர் பாஸ் என்ற அறிவிப்பு வந்த வாரம் தமிழ்நாடு கொண்டாடியதை மறந்திருக்க மாட்டீர்கள். முதல்வரை வாழ்த்தி மாணவர்கள் போஸ்டர் ஒட்டினார்கள். தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ இதை ஏற்கவில்லை என்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அப்போதைய துணைவேந்தர் சூரப்பா சொல்ல, அப்படியொன்றும் இல்லை என்று அன்றைய உயர்கல்வி அமைச்சர் அன்பழகன் மறுத்தார். அதே பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் பாலகுருசாமி உயர் நீதிமன்றப் படியேறினார். தேர்வே இல்லாமல் தேர்ச்சி என்பதை ஏற்க முடியாது என்று 2021 ஏப்ரலில் நீதிமன்றம் சொன்னபோது, பலர் அந்தச் சான்றிதழை நம்பி அடுத்த கட்டத் திட்டங்களைப் போட்டு முடித்திருந்தார்கள்.

ஆன்லைன் தேர்வில் செயற்கை நுண்ணறிவு கேமரா கண்காணிப்பாளர் ஆனது. கண் பக்கவாட்டில் போனால் எச்சரிக்கை. வேறு குரல் கேட்டால் எச்சரிக்கை. தனக்கென்று ஓர் அறை, அதற்கொரு கதவு, அதைச் சாத்திக்கொள்ளும் உரிமை எல்லாம் உள்ள மாணவரை மனதில் வைத்துச் செய்த மென்பொருள் அது. ஒற்றை அறை வீட்டில், அம்மா பாத்திரம் கழுவ, பாட்டி சீரியல் பார்க்க, பக்கத்தில் தம்பி படிக்க, தேர்வெழுதிய பிள்ளை அதன் கண்ணுக்கு முறைகேடு செய்பவர். 2021 தொடக்கத்தில் நடந்த தேர்வின் முடிவு வந்தபோது பெரும் எண்ணிக்கையில் தோல்வி, பெரும் எண்ணிக்கையில் நிறுத்திவைப்பு. அதனால்தான் மறுதேர்வு.

அடுத்து வந்த முறை நேர் எதிர்த் துருவம். வீட்டில் உட்கார்ந்து காகிதத்தில் எழுதி, ஸ்கேன் செய்து, பதிவேற்றி, தபாலிலும் அனுப்ப வேண்டும். யாரும் பார்க்கப்போவதில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் விடை போட, மற்றவர் பார்த்து எழுதினார்கள். கை வலிக்கிறது என்று தங்கைக்குச் சொல்லி எழுதவைத்தவர்கள்கூட உண்டு. நேர்மையாகப் படித்து எழுதிய மாணவர்தான் இதில் முட்டாளாகத் தெரிந்தார். அந்தக் கசப்பு இன்றும் பலரிடம் இருக்கிறது. யாரிடம் முறையிடுவது?

முத்திரை விழுந்த சான்றிதழ்

2021 ஆகஸ்ட்டில் தனியார் வங்கி ஒன்றின் நேர்காணல் விளம்பரம் வந்தது, அதுவும் மதுரைக்கு. 2021-ல் தேர்ச்சி பெற்றவர்கள் விண்ணப்பிக்கத் தகுதியில்லை என்று அதில் இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அச்சுப் பிழை என்று வங்கி திருத்திக்கொண்டது. பிழையாகவே இருக்கட்டும். ஆனால், அந்த ஒரு வரியை மாணவர்கள் உடனே நம்பினார்கள். ‘கொரோனா பேட்ச்’, ‘ஆல் பாஸ் பேட்ச்’ என்ற பெயர்கள் அதற்கு முன்பே வீட்டிலும் உறவிலும் ஒட்டிக்கொண்டிருந்தன.

இதில் ஒரு முரண் உண்டு. அந்த ஆண்டுதான் ஐ.டி நிறுவனங்கள் என்றுமில்லாத அளவுக்கு ஆள் எடுத்தன. டி.சி.எஸ் மட்டும் 2021-22 நிதியாண்டில் ஒரு லட்சம் புதியவர்களை எடுத்தது. வகுப்பு ஆன்லைன், தேர்வு ஆன்லைன், நேர்காணல் ஆன்லைன், வேலையும் வீட்டிலிருந்தே. பொறியியல் பட்டதாரிகளில் ஒரு பகுதியினர் இப்படித் தப்பித்தார்கள். அடுத்த ஆண்டு காற்று திரும்பியது. 2022-ல் வேலை உத்தரவு வாங்கியவர்கள் பணியில் சேரும் தேதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ஆண்டுக்கு 6.5 லட்சம் என்று பேசப்பட்டவர்களிடம் 3.5 லட்சத்துக்கு வருகிறாயா என்று கேட்டது விப்ரோ. பி.ஏ வரலாறும் பி.எஸ்சி விலங்கியலும் படித்தவர்களுக்கு அந்த ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அவர்களைத் தேடி யாரும் வரவில்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றல் இழப்பு ஏற்பட்டதை அரசு வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதல்வர் ஸ்டாலின் ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கிவைத்தார், தன்னார்வலர்கள் தெருத்தெருவாகப் போனார்கள். கல்லூரி மாணவர்களுக்கு அப்படி ஒரு முயற்சி நடக்கவேயில்லை. 2022 மார்ச்சில் வந்த ‘நான் முதல்வன்’ வேலைக்கான திறன் பயிற்சி. நல்ல திட்டம்தான், ஆனால் விட்டுப்போன பாடத்துக்கானது அல்ல. இத்தனைக்கும் 2021-ல் கல்லூரிக்கு வந்தவர்கள் பிளஸ் டூ பொதுத்தேர்வே எழுதாதவர்கள். பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்களை முக்கியமாக வைத்துக் கணக்கிட்டு அனுப்பப்பட்டவர்கள். பள்ளியில் விட்டதும் கல்லூரியில் விட்டதும் சேர்ந்து அவர்கள் தலையில் விழுந்தன.

இனி யாருக்கு ஆன்லைன்?

2020 ஜூன் 30-ம் தேதி, ஊரடங்கின் நடுவில், சென்னை ஐ.ஐ.டி ஒரு ஆன்லைன் பட்டப்படிப்பை அறிவித்தது. இன்று பல்லாயிரம் பேர் அதில் படிக்கிறார்கள். அது ஏன் ஓடுகிறது? பாடங்கள் ஆன்லைனுக்கென்றே திட்டமிட்டுத் தயாரிக்கப்பட்டவை. வாராவாரம் பயிற்சி உண்டு. தேர்வை மட்டும் மையத்துக்கு நேரில் வந்து எழுத வேண்டும். கொரோனா காலத்தில் நம் கல்லூரிகள் செய்ததற்கு நேர்மாறு இது.

2021 மே மாதம் யு.ஜி.சி ஒரு கருத்துருவை வெளியிட்டது. ஒரு பாடத்தில் 40 சதவிகிதம் வரை ஆன்லைனில் நடத்தலாம் என்றது அது. பேராசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. அவர்களின் பயம் வெறும் வேலை பற்றியது என்று ஒதுக்கிவிட முடியாது. நாற்பது சதவிகிதம் திரைக்குப் போனால், நிரப்பாமல் கிடக்கும் ஆசிரியர் பணியிடங்களை நிரப்ப வேண்டிய கட்டாயம் யாருக்கும் இருக்காது. வசதியுள்ள கல்லூரி அதைக் கூடுதல் வாய்ப்பாகப் பயன்படுத்தும். ஆளில்லாத அரசுக் கல்லூரி, ஆசிரியருக்குப் பதிலாகப் பயன்படுத்தும்.

இதற்கிடையே காலம் நகர்ந்துவிட்டது. 2019-ல் பி.எஸ்சி வேதியியல் சேர்ந்தவர்கள் இரண்டாம் ஆண்டை ஏறக்குறைய முழுதும் வீட்டில் கழித்தார்கள். 2022-ல் பட்டம். பிறகு இரண்டாண்டு பி.எட். 2024 முதல் அவர்களில் பலர் பள்ளிகளில் அறிவியல் ஆசிரியர்கள். தாங்களே போதிய அளவு செய்திராத ஆய்வகச் சோதனைகளை மாணவர்களுக்குச் செய்துகாட்ட வேண்டிய இடத்தில் நிற்கிறார்கள். குறை அவர்களுடையது அல்ல. அழைத்தால் கூச்சமில்லாமல் வந்து கற்றுக்கொள்வார்கள். கல்லூரி ஆய்வகங்கள் மே மாதம் முழுக்கப் பூட்டித்தான் கிடக்கின்றன. தேர்வுக்கு அத்தனை உத்தரவு போட்ட உயர்கல்வித் துறை, அவற்றைத் திறந்துவிட ஒன்று போடலாம்.